பாகல் பந்தல்ல மூணு மருந்து அடிச்சும் புழு நிக்கல, அடுத்து என்ன அடிக்கலாம்?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கர் பந்தல் பாகல் போட்டிருக்கேன். முதல் நாலு பறிப்பு நல்லா போச்சு. இப்ப காய் பாதி வளரும்போதே கோணிக்கிட்டு மஞ்சளாகி கொட்டுது, அறுத்தா உள்ள வெள்ளைப் புழு. கடையில மூணு மருந்து கலந்து குடுத்தாங்க, அடிச்சும் கேக்கல. பொறி கட்டியும் நாலஞ்சு ஈதான் விழுந்திருக்கு. அடுத்து எந்த மருந்து?

பதில்: தம்பி, எந்த மருந்தும் வேண்டாம். இது பழ ஈ. ஈ தோலைக் குத்தி உள்ள முட்டை வெச்சிடும், குத்துன இடத்துல பிசின் மாதிரி ஒரு சொட்டு கசிஞ்சு நிக்கும், பாருங்க. புழு சதைக்குள்ள இருக்கு, நீங்க அடிக்கிறது தோல் மேல, அப்புறம் எப்படி சாகும்? காலையில அடிச்சிருந்தீங்கன்னா செத்தது தேனீதான், பாகல் பூ காலையிலதான் விரியுது. மூணு நாளைக்கு ஒருதரம் பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புற காய்ல மூணு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்ற கடைக்காரர் அந்தக் காயைத் தன் வீட்டுல பொரியல் பண்ணி சாப்பிடுவாரா? அவருக்கு பாட்டில் தீரணும், அவ்வளவுதான்.

நீங்க கேட்டிருக்க வேண்டியது, கொட்டுன காயை என்ன பண்றதுன்னு. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி பேர் பறிக்கும்போது சொத்தைக் காயை அப்படியே பந்தலுக்கு அடியிலயோ வாய்க்கால்லயோ வரப்புலயோ வீசிட்டுப் போறாங்க. ஒரு சொத்தைக் காயைப் பிளந்து வெயில்ல வைங்க, புழு உடம்பை வளைச்சுத் துள்ளித் துள்ளி மண்ணைத் தேடிப் போறது கண்ணுக்குத் தெரியும். மேல்மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி, கொஞ்ச நாள்ல ஈயா வெளிய வந்து அதே பந்தல்ல மறுபடி குத்தும். அடுத்த தலைமுறைய நீங்களே வளத்து விடுறீங்க. அதனால தினமும், பறிப்பு இல்லாத நாள்லயும், கொட்டுனது, செடியிலயே பழுத்தது, கோணலானது எல்லாத்தையும் பொறுக்கி கனமான பிளாஸ்டிக் சாக்குல போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயில்ல போட்டுடுங்க, இல்ல ரெண்டு அடி ஆழத்துல புதைங்க. எருக்குழியில மட்டும் மேலாப்புல போடாதீங்க, அங்கயும் ஈ வந்துடும். பந்தல் அடிமண்ணை லேசா கொத்தி விட்டா கூட்டுப்புழு வெயில்ல காயும், கோழி இருந்தா பொறுக்கித் தின்னும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பொறுக்கணும், போய்ப் பேசுங்க. உங்க தோட்டம் மட்டும் சுத்தமா இருந்து புண்ணியமில்ல, ஈ வரப்பைப் பாக்காது.

இப்ப பொறி. உள்ள வெச்ச மருந்துக்கட்டை, அதாவது வாசனையால ஈயை இழுக்குற கட்டை, எதுன்னு கவரைப் படிங்க. மீத்தைல் யூஜினால்னு இருந்தா அது மா, கொய்யா ஈக்கு. பாகல் மாதிரி கொடிக்காயைக் குத்துற ஈ அதுக்கு வராது, கியூ லூர்தான் வேணும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே கையில இருக்கறதை எடுத்துக் குடுக்குற கடை நெறைய இருக்கு. பக்கத்துல மாந்தோப்பு இருந்தா தப்பான பொறியிலயும் ஈ குமிஞ்சு கிடக்கும், வேலை செய்யுதுன்னு நம்பிடாதீங்க. அரை ஏக்கருக்கு அஞ்சாறு போதும். கியூ லூருக்கும் ஆண் ஈ மட்டும்தான் வரும், ஏற்கனவே கருத்தரிச்ச பெட்டை குத்திக்கிட்டேதான் இருக்கும். அதான் பொறுக்குறதை விடாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

புழுவும் இல்ல, குத்துன தழும்பும் இல்ல, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிருதுன்னா அது மகரந்தம் சேராத கோளாறு, அதுக்கும் மருந்தை நிறுத்துறதுதான் முதல் வேலை.

அடுத்த போகத்துல பூ எடுக்கும்போதே பொறியைக் கட்டிடுங்க, பந்தலைச் சுத்தி ரெண்டு மூணு வரிசை மக்காச்சோளம் போடுங்க. ஈ குத்துற நேரம் போக மீதி நேரம் அந்த மாதிரி உயரமான செடியில இலைக்கு அடியிலதான் ஒதுங்கும். மருந்து அடிக்காம மனசு கேக்கலன்னா வெல்லக் கரைசல்ல மாலத்தியான் கலந்து சாயங்காலமா அந்தச் சோளத்து மேல மட்டும் தெளிங்க, பாகல் மேல ஒரு சொட்டு படக்கூடாது.