மூன்று பாட்டுப் படம்

அன்புள்ள ஐயா,

நான் ஆடுதுறைக்காரன். ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்ப்பது என் அப்பா தொடங்கி வைத்த வழக்கம். வசனம் திரையில் வருவதற்கு முன்பே எங்கள் வாயில் வந்துவிடும். சவடால் வைத்திக்கு ஒருவர், ஜில் ஜில் ரமாமணிக்கு ஒருவர் என்று பாத்திரங்களைக்கூடப் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். இந்த முறை சென்னையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் பாதிப் படத்தில் கேட்டான்: “இதை ஏன் சித்தப்பா இசைப்படம் என்கிறீர்கள்? வாயால் பாடுகிற பாட்டு மூன்றுதான். கதாநாயகன் ஒரு வரிகூடப் பாடவில்லை. நாகஸ்வரமும் சிவாஜி வாசித்ததில்லை. இது வசனப் படம்தானே?” எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொல்வது சரியா?

ஒரு வாசகர், ஆடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் மகனின் கணக்கில் பிழையில்லை. பி. சுசீலா பாடியவை இரண்டு, மனோரமாவுக்காக எல்.ஆர். ஈஸ்வரி பாடியது ஒன்று, ஆக மூன்று. ஆனால் அவர் குறை என்று எண்ணி எடுத்துச் சொன்ன இரண்டாவது செய்தி இருக்கிறதே, கதாநாயகன் ஒரு வரிகூடப் பாடவில்லை என்பது, அதைத்தான் நான் இந்தப் படத்தின் உயிர்நிலை என்று நினைக்கிறேன்.

படம் வெளிவந்த 1968இல் சிவாஜி கணேசன் திரையில் வாயைத் திறந்து பாடினால் டி.எம். சௌந்தரராஜனின் குரல் வரும் என்பது கொட்டகைக்குப் போகிற குழந்தைக்கும் தெரியும். அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1965இல், இதே இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் இதே இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனும் இதே சிவாஜியை வைத்து ‘திருவிளையாடல்’ எடுத்திருந்தார்கள். அதில் இறைவனாக வரும் சிவாஜி ‘பாட்டும் நானே’ என்று தாமே பாடி, தாமே வீணையும் மிருதங்கமும் வாசித்துக் கொட்டகையைக் கலக்கினார். அந்த வெற்றியின் சூத்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், ஓர் இசைக் கலைஞனின் கதையை எடுக்க வந்தபோது அவனுக்கு ஒரு பாட்டுக்கூடக் கொடுக்கவில்லை. மறந்துபோய் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஊதுகிற வாயால் பாட முடியாது என்ற எளிய உண்மைக்கு அவர்கள் கட்டுப்பட்டார்கள். கதாநாயகனான நாகஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு நாயனம்தான் வாய். கோபம் வந்தால் வாசிப்பை நிறுத்துவான், மனம் கனிந்தால் வாசிப்பான். இரண்டுக்கும் நடுவே அவனுக்கு வேறு மொழி கிடையாது.

இதை நம் பக்கத்து மனிதர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம் என்றும், நட்டுவனார் தாளம் பிடிக்க ஆடுகிற சதிர்க் கோஷ்டி சின்ன மேளம் என்றும் தஞ்சைப் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்த தலைமுறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் கோயிலை ஒட்டி வாழ்ந்தவை, உறவுமுறையால் பின்னிக் கிடந்தவை. ஆயினும் அவற்றின் அரங்கும் வேளையும் மதிப்பும் வேறு வேறு. சுவாமி புறப்பாட்டில் முன்னே போகிற பெரிய மேளத்துக்குத் தன் நாதத்தின்மேல் ஒரு செருக்கு உண்டு. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் இந்தக் கதையை எழுதியபோது, அந்தச் செருக்கைச் சிக்கலிலும் அதற்கு ஈடுகொடுக்கும் ரோஷத்தைத் திருவாரூரிலும் வைத்து, இரு மேளங்களையும் ஒரே மேடையில் மோதவிட்டார். பெரிய மேளத்துக்காரன் நாயனத்தில் தில்லானா வாசிக்க, சின்ன மேளத்துக்காரி மோகனாம்பாள் அதற்கு ஈடாக ஆட வேண்டும் என்பதுதான் பந்தயம். தில்லானா என்பது ஏறக்குறையச் சொல்லே இல்லாத உருப்படி என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். ஜதிச் சொற்களாலேயே நடக்கும், முடிவில்தான் ஓரிரு வரி சாகித்தியம் எட்டிப் பார்க்கும். நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த கச்சேரி முறையில், பதங்களில் அபிநயித்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு கடைசியில் ஆடுவது அது. படத்தின் பெயரே சொற்கள் ஓய்ந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் பாடப்படுகிற பாட்டுகளுக்கு அங்கே என்ன வேலை என்று உங்கள் அண்ணன் மகன் கேட்கக்கூடும். அவற்றில் இரண்டு கேள்விகள். அழகர் கோயிலில் ஆட்டத்தைப் பார்க்க வரமாட்டேன் என்று வீறாப்புப் பேசியவன், ஒளிந்து நின்று பார்க்கிறான், மோகனாம்பாள் கண்டுகொள்கிறாள். ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ என்று அவள் கேட்பது சபையோரின் காதுக்கு முருகனை நோக்கிய கேள்வி. சண்முகம் என்பது அவன் பெயர் என்பதால் அவன் காதுக்கு அது வேறு கேள்வி. சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, சிக்கலில் பிறந்தவனுக்குச் சண்முகசுந்தரம் என்று பெயர் வைத்ததில் இருக்கும் குறும்பு புரியாமல் போகாது.

‘நலந்தானா’வில் நிலைமை இன்னும் நுட்பமானது. காயம்பட்டு மீண்டு வந்து மேடையில் உட்கார்ந்திருப்பவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அவளுக்கு வீட்டிலும் வழியில்லை, வெளியிலும் வழியில்லை. ஊரே கூடியிருக்கும் சபையில், தாளத்துக்குள் அடக்கி, பாட்டாகக் கேட்டுவிடுகிறாள். கண்ணதாசன் எடுத்துக்கொண்ட சொல், நாம் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் நாள்தோறும் கேட்கிற சொல்தான். அந்தச் சொல்லின் எளிமையால்தான் அந்தச் சபையின் நடுவே அது ரகசியமாகிறது. அவள் கேட்ட வரியை நாயனம் வாங்கிக்கொண்டு விடை சொல்கிறது. அந்த இடத்தில் சண்முகசுந்தரத்துக்கு ஒரு பின்னணிப் பாடகரைக் கொடுத்து ‘நலமே’ என்று பாடவைத்திருந்தால், காட்சி அங்கேயே செத்திருக்கும்.

உங்கள் அண்ணன் மகனின் மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வாசித்தது சிவாஜி அல்ல, மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையிலும் இரண்டு நாயனங்கள் இருக்கின்றன, பக்கத்தில் ஏ.வி.எம். ராஜன் இரண்டாம் நாயனம் பிடிக்கிறார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக்கு வாயசைப்பதும் நாயனத்துக்கு உடலசைப்பதும் ஒன்றல்ல என்பதை நான் ஒரு மேளக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். (நேரத்தை மிச்சப்படுத்த அந்தக் கொட்டகையில் ஒரு ரீலை விழுங்கிவிட்டார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்து முழுப்படம் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.) எனக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் வாசிப்பவர் உட்கார்ந்திருந்தார். படம் ஓட ஓட அவருடைய விரல்கள் தொடைமேல் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் விரல் பிசகுகிற இடங்களில் ‘ப்ச்’ என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வரும். நாயனத்தின் ஏழு துளைகளும் எந்தச் சுரத்துக்கு எப்படி மூடித் திறக்கும் என்று அறிந்தவரை ஏமாற்ற முடியாது. சிறிது நேரம் கழித்து அந்த ‘ப்ச்’ நின்றுவிட்டது. அவருடைய கண் திரையிலிருந்த விரலை விட்டுக் கழுத்துக்குப் போயிருந்தது. இடைவேளையில் என்னிடம் சொன்னார்: “விரல் பொய் தம்பி. மூச்சு பொய்யில்லை.”

அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. இப்போது அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது விளங்குகிறது. வாசிக்கத் தொடங்கும் முன் சிவாஜி, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை உதட்டில் ஈரப்படுத்திப் பதம் பார்க்கும் விதத்தையும், நீண்ட பிடி வருவதற்கு முன்பே தோள் சற்று உயர்ந்து மூச்சைச் சேர்ப்பதையும், பிடி முடிந்ததும் கன்னம் தளர்ந்து கண் பக்கத்திலுள்ள தவிலை நோக்கிப் போவதையும் கவனியுங்கள். சுரத்தை அசைத்து இழைக்கிற கமகத்தில் நாயனத்துக்குப் பாதி விரலில் இருக்கிறது. மீதி சீவாளியைக் கவ்விய உதட்டிலும் அடிவயிற்று மூச்சிலும் இருக்கிறது. நடிகர் அந்த மீதிப் பாதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். மதுரையின் நாதமும் சூரக்கோட்டைக்காரரான சிவாஜியின் மூச்சும் சேர்ந்துதான் சிக்கல் சண்முகசுந்தரம் என்ற வித்துவான் உண்டானான். இருவரில் ஒருவரை நீக்கினால் அவன் இல்லை.

1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் ‘சிங்கார வேலனே’ இதைவிடச் சிறந்த நாகஸ்வர இசை அல்லவா என்று சிலர் வாதிடுவார்கள். இசை என்று மட்டும் பார்த்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அதில் வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தின் ஆபேரி ராகத்துக்கு முன்னால் வாதம் எடுபடாது. ஆனால் அங்கே எஸ். ஜானகியின் குரலும் நாயனமும் ஒன்றை ஒன்று துரத்திப் பிடிக்கும் அழகுக்காகவே அந்தக் காட்சி இருக்கிறது. இங்கே ஒன்று கேட்டதற்கு மற்றொன்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது; சொல்லாவிட்டால் கதை நகராது. இசைப்படம் என்று நான் சொல்வது இதைத்தான். பாட்டுகளின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், பாட்டுக்கு நடுவே வசனத்தைத் தேட வேண்டியிருந்த ஆரம்பகாலப் பேசும் படங்கள் அத்தனையும் இதற்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

வசனப் படம் என்று அவர் சொன்னதற்கு உங்கள் கூடமும் ஓரளவு பொறுப்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாகேஷையும் மனோரமாவையும் முந்திக்கொண்டு பேசுகிற இன்பத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். ஆனால் பத்துப் பேர் வசனம் சொல்லப் பழகிய கூடத்தில் நாயனம் தொடங்கும் நேரம் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: காப்பி வரும், முறுக்குத் தட்டு சுற்றும், அடுத்த வசனத்துக்கு ஆள் தயாராவார். புதிதாக வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு நீங்கள் எல்லோரும் எதைக் கேட்கிறீர்கள் என்பது தெரியும், எதற்கு எழுந்து போகிறீர்கள் என்பதும் தெரியும்.

அடுத்த காணும் பொங்கலுக்கு அவர் வந்தால் நரசிங்கம்பேட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள்; உங்களுக்குக் கூப்பிடு தூரம். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடியில் விரிகிற அணசு பொருத்தாத வெறும் உலவு, அதாவது நாயனத்தின் குழல், ஒன்றைக் கையில் வாங்கி, சீவாளியைச் செருகி ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுத்தான் வரும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து படத்தைப் போடுங்கள். ‘நலந்தானா’ முடியும்வரை காப்பியை நிறுத்தி வையுங்கள். அவர் சிவாஜியின் கழுத்தைப் பார்க்கட்டும், நீங்கள் தவில் முத்துராக்காக வரும் டி.எஸ். பாலையாவின் முகத்தைப் பாருங்கள். மேடையில் நடப்பது என்ன என்று அந்த முகத்துக்குத் தெரிந்திருக்கும்.

தை மாதம் நான் ஊரில்தான் இருப்பேன். கூடத்தில் இடமிருந்தால் எனக்கும் ஒரு பாய் போடுங்கள். வைத்தியை ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. முத்துராக்கு காலியாக இருந்தால் எனக்கு.