சத்துமாவு, கூந்தல் எண்ணெய், சோப்பு: எதற்கு எந்த உரிமம்?

கேள்வி: வீட்டிலேயே சத்துமாவு, மூலிகைக் கூந்தல் எண்ணெய், குளியல் சோப்பு, நலங்கு மாவு தயாரித்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) பதிவு எடுத்து, அந்த எண்ணையே எல்லா லேபிளிலும் போட்டிருக்கிறேன். 'எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது செல்லாது' என்கிறார் ஒரு வாடிக்கையாளர். உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவர் சொல்வது சரிதான், சகோதரி. அந்த 14 இலக்க எண் சாப்பிடும் பொருளுக்கு மட்டும். தலையில் தேய்ப்பதற்கும் உடம்பில் பூசுவதற்கும் அதைப் போட்டால், உரிமமில்லாமல் தயாரித்த குற்றத்தோடு, வாங்குபவரைத் தவறாக நம்பவைத்த குற்றமும் சேரும். எண்ணெய், சோப்பு, நலங்கு மாவு மூன்றிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். உரிய உரிமம் வரும்வரை அவற்றின் விற்பனையையும் நிறுத்தி வையுங்கள். வருமானம் குறையும், தெரியும். ஆனால் யாருக்காவது தோல் வெந்து புகார் போனால், உங்கள் பக்கம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

முதலில் சத்துமாவு. உங்கள் எண் 2-இல் தொடங்கினால் அது பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். விற்றுமுதல் பதிவுக்கான வரம்பைத் தாண்டினால் ஃபாஸ்காஸ் என்ற அந்த ஆணையத்தின் இணையதளத்திலேயே உரிமத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாவில் உண்மையான ஆபத்து ஈரம். முளைகட்டிய கேழ்வரகும் கம்பும் மேலே காய்ந்தாற்போல இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே வறுத்து அரைத்துக் கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு சேரும். தானியத்தில் அதற்கு அனுமதி கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை காயவிடுங்கள், மாவு முழுக்க ஆறிய பிறகே பையில் அடையுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்து ஈரப்பதமும் அஃப்ளாடாக்சினும் பார்த்துவிடுங்கள். 'பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி'யைக் குத்துமதிப்பாகப் போடாமல், அந்த முடிவை வைத்துப் போடலாம்.

சத்துமாவு விற்பவர்கள் பலர் எழுதும் இரண்டு வரிகள் உங்கள் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, '6 மாதக் குழந்தை முதல்'. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த வயதுக்கான உணவின் சத்து அளவு, நுண்ணுயிர் வரம்பு எல்லாவற்றுக்கும் தனி விதிமுறையும் உண்டு. இன்னொன்று, 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்'. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே கூடாது. மருந்தாகவே இருந்தாலும் நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இடம் தராது. ஸ்டேட்டஸில் போடுவதும் விளம்பரம்தான்.

எண்ணெய் விஷயத்தில் லேபிளில் நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதை வைத்துத்தான் சட்டம் உங்களைப் பிடிக்கும். வெறும் தேங்காய் எண்ணெயைச் சமையலுக்கென்று விற்றால் அது உணவு. கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சி, 'கூந்தல் எண்ணெய்' என்று விற்றால் அழகுசாதனப் பொருள். அதே புட்டியில் 'முடி உதிர்வை நிறுத்தும்' என்று எழுதினால் மருந்து. சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் உரிமம் வேண்டும். அதற்கு மருந்து விதிகளின் அட்டவணை 'டி' (Schedule T) கேட்கும் குறைந்தபட்ச இடமே 1,200 சதுர அடி. வீட்டுச் சமையலறையில் நடக்கிற காரியமல்ல. வரி விவகாரத்திலும் இதே கதைதான்: சிறிய புட்டித் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்ற வழக்கில், அளவு சிறிதாக இருப்பதால் மட்டும் அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே நோய் பேசாமல் 'கூந்தல் எண்ணெய்' என்றே நிற்பது நல்லது. எண்ணெய், சோப்பு, நலங்கு மாவு மூன்றும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளுக்குள் வரும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்தால், சிஓஎஸ்-8 படிவத்தில் உரிமம் வரும். சமைக்கும் இடத்திலிருந்து பிரிந்த தயாரிப்பு அறையும், பார்மசி டிப்ளமோவோ வேதியியல் படிப்போ உள்ள தொழில்நுட்ப ஆளும் கேட்பார்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, உரிமம் உள்ள தொழிற்கூடத்தில் உங்கள் பக்குவத்தில் செய்து வாங்குவது. அவர்களுடைய உரிம நகலை வாங்கி, கூந்தல் எண்ணெயும் சோப்பும் அதில் பெயரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். க்ரீமுக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு எண்ணெய் நிரப்பித் தருபவர்கள் உண்டு. லேபிளில் தயாரிப்பாளராக அவர்கள் பெயர், முகவரி, உரிம எண் வரும். சந்தைப்படுத்துபவராக உங்கள் பெயர் வரும். பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரித்தது என்ற எண்), காலாவதி மாதம், ஆண்டு, சேர்மானங்கள் எடையில் கூடியது முதல் குறைந்தது வரை என்ற வரிசை, இவையும் வேண்டும். உங்கள் பெயரிலேயே தயாரிப்பு உரிமம் வேண்டுமென்றால், அதே கூடத்தைக் காட்டி சிஓஎஸ்-6 படிவத்தில் 'கடன் உரிமம்' (இன்னொருவர் கூடத்தில் தயாரிப்பதற்கான உரிமம்) கேட்கலாம்.

எடையளவுச் சட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்களே பாக்கெட் போடும் சத்துமாவுக்கு, பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் அச்சாக வேண்டும்: 250 கிராம் 150 ரூபாய் என்றால், 'ஒரு கிராம் 60 காசு'. நிகர எடையோடு 'சுமார்', 'குறைந்தபட்சம்' என்ற சொற்கள் கூடாது. கோல்ட் பிராசஸ் (காய்ச்சாமல் செய்யும்) சோப்பு பதப்படும் வாரங்களில் தண்ணீர் வற்றி எடை குறையும். அச்சிலிருந்து எடுத்த அன்று நிறுத்து '100 கிராம்' என்று அச்சடித்தால், வாடிக்கையாளர் கையில் அது குறைந்திருக்கும். முழுக்கப் பதமான பிறகு நிறுத்து, பத்துக் கட்டியில் எது குறைவோ அந்த எடையைப் போடச் சொல்லுங்கள்.

இந்த வாரம் சத்துமாவு பாக்கெட்டின் வரிகளைத் திருத்துங்கள், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எடையளவுப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். எண்ணெய்க்கும் சோப்புக்கும் புது லேபிள் அச்சடிப்பதை, தொழிற்கூடத்தின் உரிம நகல் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.