டியூட்டரிடம் போகும்போது எதைக் கொண்டுபோவது? – கல்லூரி மாணவர் கேள்வி-பதில்

கேள்வி: டியூட்டர் போட்டுக் காட்டும்போது நுண்கணிதம் முழுக்கப் புரிகிறது. அறைக்கு வந்து தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே ஓடவில்லை. டியூட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பேனாவை உங்கள் கைக்கு மாற்றிப் பாருங்கள். அவர் போடுகிறார், நீங்கள் பார்க்கிறீர்கள். அடுத்தவர் போடும் கணக்கைப் பின்தொடர ஒரு திறமை போதும். வெறும் தாளில் எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்க வேறொரு திறமை வேண்டும். தேர்வு சோதிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எக்ஸ், சைன் எக்ஸ் இரண்டின் பெருக்கலைத் தொகையிட வேண்டும். பகுதித் தொகையிடல் (இரண்டில் ஒன்றை வகையிட்டு மற்றதைத் தொகையிடும் முறை) சூத்திரம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் சைனை வகையிடவும் எக்ஸைத் தொகையிடவும் எடுத்துக்கொண்டால், அடுத்த வரியில் எக்ஸின் அடுக்கு 2 ஆக ஏறிக் கணக்கு இன்னும் சிக்கலாகும். எக்ஸை வகையிட்டிருந்தால் அது 1 ஆகிவிடும், கணக்கும் இரண்டே வரியில் முடியும். டியூட்டர் இந்த முடிவை வாய்விட்டுச் சொல்லாமலே எடுத்துவிடுகிறார். பழகிய கை அப்படித்தான் வேலை செய்யும். அதனால் நீங்கள் இடறும் இடம் உங்கள் இருவர் கண்ணிலும் படுவதில்லை. பாதியில் நின்றுபோன உங்கள் தாளைக் காட்டினால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனை இங்கே பொருந்தும். ஒரு பகுதியைப் படித்தபின், சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம். “எல்லாம் புரிந்துவிட்டது” என்று நீங்கள் எழுந்து வருவது அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

இனிமேல் ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடம் ஒரு புதுக் கணக்கை அவர் பேசாமல் இருக்க நீங்களே போடுங்கள். இதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அப்போது டியூட்டரை மாற்றலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கற்றல் உதவி மையம் இருக்கிறது. அங்கே போனால் மக்கு என்று நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: இந்தத் தயக்கத்தால் நல்ல மாணவர்கள் பலர் ஒரு செமஸ்டரையே இழப்பதைப் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. அமெரிக்காவின் மிசௌரி–கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப் பயிற்றல் முறை இந்தச் சிக்கலை நேராகவே கையாண்டது. பலவீனமான மாணவரைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, பலர் தோற்கும் பாடத்தை அடையாளம் கண்டு, அதைப் படிக்கும் எல்லோரையும் அழைத்தார்கள். அதே பாடத்தில் முன்பு நன்றாகத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு குழு அமர்வை அவரே நடத்துவார்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆய்வு மாணவர் 1970-களின் இறுதியில் இன்னொன்றைக் கவனித்தார். நுண்கணிதத்தில் திணறிய கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். ட்ரீஸ்மன் ஒரு பட்டறை தொடங்கினார். அதில் எளிய கணக்குகளுக்கு இடமில்லை. கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைத்தார். வந்தவர்களின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. தைரியமாகப் போங்கள். முடிந்தால் ஒரு நண்பரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் அசைன்மென்டை எழுதித் தரும் தளங்களும் ‘கல்வி உதவி’ என்றே விளம்பரம் செய்கின்றன. நேரமே இல்லாதபோது பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இத்தகைய சேவையை விற்பதையே ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் சட்டப்படி குற்றமாக்கிவிட்டன. எழுதிக் கொடுத்தவர்களே பிறகு “கல்லூரியிடம் சொல்லிவிடுவோம்” என்று மிரட்டிப் பணம் கேட்ட கதைகளும் உண்டு. நேரம் இல்லையென்றால் கெடு முடியும் முன்பே பேராசிரியரிடம் அவகாசம் கேளுங்கள்.

கேள்வி: தனி டியூஷனா, குழுவா? தனி டியூஷனுக்குச் செலவு அதிகம்.

பதில்: தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் படிப்பவர்களில் 98 சதவீதத்தினரை முந்துவார் என்று பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984-இல் எழுதினார். விளம்பரங்கள் இன்றும் அதைத்தான் காட்டுகின்றன. 2011-இல் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் உண்மைதான், ஆனால் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. எனவே கடன் வாங்கித் தனி டியூஷன் வைக்காதீர்கள். அடிப்படையே விட்டுப்போயிருந்தால் சில வாரங்களுக்கு மட்டும் தனி உதவி, மற்றபடி குழு. என் தேர்வு அதுதான்.

கேள்வி: நள்ளிரவில் டியூட்டர் கிடைப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், விடையை மட்டும் கேட்காதீர்கள். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், கேட்டதற்கெல்லாம் விடை தரும் செயலி பயிற்சி மதிப்பெண்ணை 48 சதவீதம் உயர்த்தியது. செயலி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அவர்கள் அது இல்லாமலே பயின்றவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு செயலியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. “என் மூன்றாவது வரியில் பிழை இருக்கிறதா? இருந்தால் விடையைச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் கொடு” என்று கேளுங்கள்.

கேள்வி: நான் ஜூனியர்களுக்கு டியூட்டராக இருக்கிறேன். ஒருவர் “விடையைச் சொல்லுங்கள் அண்ணா, நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டும்” என்று நச்சரிக்கிறார்.

பதில்: அவருடைய அசைன்மென்ட் கணக்கைத் தொடாதீர்கள். அதே மாதிரி வேறொரு கணக்கை எடுத்து இருவரும் சேர்ந்து போடுங்கள், பிறகு அவருடையதை அவரே போடட்டும். கேள்வி கேட்டபின் அமைதியாகக் காத்திருங்கள். அவர் யோசிக்கும் நேரத்தை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு வாரமும் இதே இடத்தில் நின்றால், பாடப் பேராசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டுப் பாடமே விட்டுப்போனவருக்கு வாரம் ஒரு மணி நேரம் போதாது, அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.