ஓடத்தான் வேண்டுமா?

கேள்வி: புளோரிடாவில் தற்காப்புச் சட்டத்தை நீக்கக் கோருகிறார்கள் என்று அங்குள்ள என் மகன் சொல்கிறான். நம் தோட்டத்தில் ரப்பர் ஷீட் திருட வருபவனைத் தாக்கினால் என்ன ஆகும்?
– வாசகர், குலசேகரம்

பதில்: தப்பிச் செல்ல வழியிருந்தாலும் பின்வாங்கத் தேவையில்லை என்னும் அச்சட்டம் 2005-இல் வந்தது; 2012-இல் 17 வயது டிரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டு, சுட்டவர் தற்காப்பு என வாதிட்டு மறு ஆண்டு விடுதலையானதும் எதிர்ப்பு வலுத்தது. தாக்கப்படுபவர் கோழையாக ஓட வேண்டியதில்லை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2010-இல், தர்ஷன் சிங் வழக்கில், கூறியதுண்டு. ஆனால் நம் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, காவல் துறையை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்றும் வரம்பிடுகிறது. கயிற்றில் காயும் ஷீட்டை உருவிக்கொண்டு ஓடுபவனை (எரிச்சல் புரிகிறது) வெட்டிக் கொன்றால், கொலைக் குற்றச்சாட்டு உங்கள் மீதே வரும்.