ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதீர்கள்

ரோட்டோரம் நின்ற ஆவாரஞ்செடியைத் தோண்டி வந்து வாசலில் நட்டேன். தினமும் தண்ணீர் விட்டும் பத்தே நாளில் கருகிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?
(வாசகி, தாராபுரம்)

நானும் அப்படி மூன்று செடியைக் கொன்றவன்தான், அம்மணி. இடுப்பு உயரம் வந்த ஆவாரைக்கு ஆணிவேர் சரளைக்குள் நேராக இறங்கியிருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் மேல்வேர்தான் கையோடு வரும், உயிர்வேர் ரோட்டோரத்திலேயே நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன?

விதை போடுங்கள். தட்டையான காய்கள் காகிதம் போலக் காய்ந்து பழுப்பேறும்போது பறித்து வைத்துக்கொள்ளலாம். விதைத்தோல் கெட்டி, லேசில் ஈரம் உள்ளே போகாது. முதல் வருஷம் அப்படியே தூவிவிட்டுக் காத்திருந்தேன். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் முளைத்தது. இப்போது தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் விதையைப் போட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுகிறேன். காலையில் ஊதிப் பருத்திருப்பவை விதைக்கத் தயார். பருக்காததை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி ஊறப்போடுவேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால், செடி நிற்கப்போகிற இடத்திலேயே குழிக்கு மூன்று விதை, விரற்கடை ஆழத்தில். குழிக்குக் குழி நாலடி விடுங்கள். பையில்தான் வளர்ப்பேன் என்றால் உயரமான பையாகப் பாருங்கள். வேர் அடியில் சுருளுவதற்குள் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். எரு வேண்டாம். வேர் பிடித்த பிறகு தண்ணீரும் வேண்டாம். என் தோட்டத்தில் முருங்கைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் ஓரம் இரண்டு ஆவாரை தானாக முளைத்தது. தழை கொழுகொழுவென்று இருக்கிறது, பூ மட்டும் எண்ணிப் பார்க்கிற அளவுதான். வேலியோரச் சரளையில் நிற்பதற்கோ கிளைக்குக் கிளை மஞ்சள்.

நாற்றுப் பண்ணையில் ஆவாரை என்று கொடுத்த செடி, புனல் மாதிரி பூக்கிறதே?
(வாசகர், கரூர்)

அது சொர்ணபட்டி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அழகுச்செடி. என்னிடமும் ஒரு பண்ணையில் இதையே ஆவாரை என்று தள்ளிவிட்டார்கள், பூக்கும்வரை எனக்கும் தெரியவில்லை. பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம், இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஆவாரை என்றால் அங்கே காதுமடல் போல இரண்டு பச்சைச் செதில் இருக்கும். தாவரவியலார் வைத்த ‘ஆரிகுலேட்டா’ என்ற பெயரே அந்தக் காதைப் பார்த்து வைத்ததுதான். சொர்ணபட்டிக்குக் காதும் கிடையாது, சிற்றிலை ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும்.

தேன்பெட்டி வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஆவாரை நட்டால் தேன் கூடுமா?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

கூடாது. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான் உண்டு. அதுவும் சுலபத்தில் கிடைக்காது. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளை, அவ்வளவுதான். மரத்தைத் துளைக்கும் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிரவைக்கும், உப்புக்குப்பியைக் குலுக்கினாற்போலத் துகள் கொட்டும். காலையில் செடியருகே நின்றால் காதில் விழும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. தேனுக்கு முருங்கை வையுங்கள். ஆவாரை இலையைப் பச்சைப்புழு தின்றால் மருந்தடிக்காதீர்கள், அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும்.

காப்புக்கட்டுக்கு வருஷா வருஷம் கிளை ஒடிக்கிறோம். செடி பட்டுப்போகாதா?
(வாசகி, காங்கேயம்)

போகாது, ஒடித்தால் அடர்த்தியாகத் துளிர்க்கும். போகியன்று வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் கட்ட நாலு கொத்து எடுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையால் கிழிக்காமல் அரிவாளால் அறுங்கள். பட்டை உரிந்தால்தான் ஆபத்து. தோல் பதனிட இந்தப் பட்டையை மூட்டை மூட்டையாக உரித்த காலம் ஒன்று இருந்தது. தெலங்கானாவில் இதைத் ‘தங்கேடு’ என்று மாநிலப் பூவாகவே வைத்திருக்கிறார்கள், பதுகம்மா பண்டிகைக்கு அடுக்கடுக்காக வைத்துக் கும்பிடுகிறார்கள். நாம் பொங்கலோடு மறந்துவிடுகிறோம்.

ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?
(வாசகர், பல்லடம்)

டீ குடியுங்கள், நானும் குடிக்கிறேன். மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.