கட்டுரை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். இதிலிருந்து மீள்வது எப்படி?

"நிறையப் படியுங்கள், எழுத்து தானாக வரும்." இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. படிக்க ஒன்றும் கிடைக்காத இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. என் ஊர் பூம்பாறை. கொடைக்கானல் போய், அங்கிருந்து இன்னும் 18 கிலோமீட்டர் போக வேண்டும். பாடப் புத்தகத்தை விட்டால் எங்கள் வீட்டில் அச்சடித்த எழுத்து என்று இருந்தது நாள்காட்டியும் ரேஷன் அட்டையும்தான். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்து, பள்ளித் தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ நீங்கள் தயாராகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எனக்குக் கட்டுரை வந்தது மனு எழுதித்தான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பா தோட்டத்தில் இரவோடு இரவாகக் காட்டுமாடு புகுந்துவிட்டது. காலையில் வந்து, "தாயி, ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடு, நீதான் பள்ளிக்கூடம் போறியே" என்றார். பள்ளியில் கட்டுரை என்றால் கைடில் இருப்பதை மனப்பாடம் பண்ணி எழுதுவோம். தோட்டம் நாசமானதற்குக் கைடில் கட்டுரை கிடையாதே! தாளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்தப் பக்கத்து வேலி சாய்ந்திருந்தது? எத்தனை பாத்தி போனது? என்ன பயிர்? மிச்சம் ஏதாவது தேறுமா?

"கேரட்டைத்தான் தின்னுருக்கு. பூண்டைத் தின்கலை, மிதிச்சுப் போட்டிருச்சு. தின்னது வேற, மிதிச்சது வேற, அதைத் தனித்தனியா எழுது தாயி. இல்லேன்னா ரேஞ்சர் கேப்பாரு" என்றார்.

அந்த ஒரு பேச்சில் நான் கற்றுக்கொண்டதைப் பத்து வருஷப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தரவில்லை. படிக்கப்போகிறவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததில்லை. அவர் என்ன கேட்பாரோ, அதற்குத் தாள் முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டும். "பயிர்கள் பெரும் சேதமடைந்தன" என்று எழுதினால் "எவ்வளவு?" என்பார். "சில நாட்களுக்கு முன்பு" என்றால் "எந்தத் தேதி?" என்பார். பெரியப்பா சொன்ன பதில்களை வரிசையாக எழுதி முடித்தபோது ஒரு பக்கம் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம், குடிநீர்க் குழாய், கடைசி பஸ் என்று எல்லாம் வரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து மலை இறங்கி, வத்தலக்குண்டு தாண்டித் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. அவ்வளவு தூரம் போகிறவர் கையில் இருக்கிற தாளை அதிகாரி நின்றபடி ஒரு நிமிடம் பார்ப்பார். விஷயம் மேலேயே இருக்க வேண்டும் என்பது அப்படித்தான் எனக்கு மனதில் பதிந்தது.

பத்தாம் வகுப்பில் தமிழய்யா "உழவுத் தொழில்" என்று தலைப்புக் கொடுத்தார். எங்கள் பூண்டைப் பற்றி எழுதினேன். வருஷத்துக்கு இரண்டு போகம் என்பதையும், பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிப் புகையில் உலர விடுவதையும், வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை போவதையும் எழுதினேன். ஐயா அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

பூண்டு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மலையில் விளைந்ததற்குத்தான் இந்தப் பெயர் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஆனாலும் வெளியூர்ப் பூண்டை "ஒரிஜினல் மலைப்பூண்டு" என்று சுற்றுலா வருகிறவர்களிடம் விற்பது நிற்கவில்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போய் உரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பூண்டைத்தான் குறை சொல்வார். குனிந்து நட்டவர்களுக்கு வயிறு எரியாதா?

சரி, கட்டுரைக்கு வருகிறேன். ஐயா அன்று சொன்ன இன்னொன்றும் முக்கியம்: "முன்னுரையைக் கடைசியில எழுது. எழுதி முடிச்ச பிறகுதானே எதைப் பத்தி எழுதினோம்னு நமக்கே தெரியும்?" நீங்கள் முதல் வரியில் நிற்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான். இன்னும் பிறக்காத ஒன்றுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேர்வில் தாளின் மேலே ஐந்தாறு வரி இடம் விட்டுவிட்டு நேராகப் பொருளுரைக்குப் போங்கள். முடித்துவிட்டு வந்து அந்த இடத்தை நிரப்புங்கள்.

"நம் தலைப்பெல்லாம் 'சுற்றுச்சூழல் காப்போம்' மாதிரி இருக்குமே, அதில் தோட்டமும் வேலியும் எங்கே?" என்று கேட்பீர்கள். அந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். எங்கே, யார், என்ன, ஏன், அப்புறம் என்ன ஆனது என்று கேளுங்கள். மலைக்காட்டில் குடித்துவிட்டு வீசிய மது பாட்டில் உடைகிறது. கண்ணாடிச் சில்லு யானையின் காலைக் கிழிக்கிறது. இதற்காக உயர் நீதிமன்றம் சொல்லி, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்துவிடும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, 10 ரூபாய் ஏன் ஒருவரைத் திரும்பி வரவைக்கிறது, கடையில் நிற்கும் ஊழியருக்கு என்ன கூடுதல் வேலை என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டு பக்கம் வரும். "இயற்கை நம் அன்னை" என்று தொடங்கினால் அடுத்த வரிக்கே அலைய வேண்டும்.

மனு நடை வேறு, கட்டுரை நடை வேறு என்று தமிழ் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வேறுதான், நான் மறுக்கவில்லை. நான் இலக்கியம் படித்தவளும் இல்லை. ஒரு அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, உள்தலைப்பு எல்லாம் போடத்தான் வேண்டும், திருத்துகிறவர் அதைத் தேடுவார். குறளோ பழமொழியோ பொருத்தமாக நினைவுக்கு வந்தால் போடுங்கள். ஆனால் அலங்காரத்தை முதலில் தேடினால் பேனா நகராது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. கீழே ஒரு ஊரில் தேர்வுப் பயிற்சிக்குப் போனபோது, "மலைக்காரப் பிள்ளைகளுக்கு எழுத்து வராதும்மா, கொள்குறி வினாவை மட்டும் பாரு" என்று, அதாவது விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கிற கேள்விகளோடு நிறுத்திக்கொள் என்று, முகத்துக்கு நேரே சொன்னார்கள். அங்கே கொடுத்த மாதிரிக் கட்டுரைகளில் ஒரு ஊர்ப் பெயர் கிடையாது, ஒரு விலை கிடையாது. அந்தச் சொல் இன்னும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழகுவதற்கு ஒரு வழி: தெரிந்த விஷயத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதுங்கள். மறுநாள் அதையே மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். சுருக்கி வரைதல் என்று தேர்விலேயே கேட்பதுதான், ஆனால் அடுத்தவர் எழுதியதைச் சுருக்குவதைவிட நம்முடையதைச் சுருக்கும்போது எந்த வரி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அம்மாவிடமோ தம்பியிடமோ வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "அப்புறம்?" என்று கேட்கிற இடத்தில் ஒரு வரி சேருங்கள்.

முடிவுரைக்கும் பலர் திணறுகிறார்கள். மனுவின் கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்போம் இல்லையா, அதையே எழுதினால் போதும். பாட்டில் கட்டுரை என்றால், காலிப் பாட்டிலை வாங்கி வைக்கக் கடைக்குத் தனியாக ஒரு ஆளும் இடமும் கொடுக்க வேண்டும் என்று முடிக்கலாம்.