பின்மொழிபெயர்ப்பு பொருந்திவிட்டால் போதுமா?

கேள்வி: ஏதென்ஸில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். உடல்நலச் செயலிகளின் தரத்தைப் பயனர்களே மதிப்பிடும் 'யூமார்ஸ்' கேள்வித்தாளைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுவந்து சோதிப்பதுதான் என் ஆய்வேடு. கிரேக்கத் தோழிகள் இருவர் மொழிபெயர்த்தார்கள். மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினார், அதாவது பின்மொழிபெயர்ப்பு. மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. இனி 100 பேரிடம் கொடுத்து, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.7-க்கு மேல் வந்தால் முடித்துவிடலாமா?

பதில்: அச்சு அசலாகப் பொருந்துகிறது என்கிறீர்களே, எனக்கு உறுத்துவதே அதுதான். கிரேக்க மொழியில் அப்படிப் பொருந்தினால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'எம்பதி' என்றால் அடுத்தவர் மனநிலையைத் தன்னுடையதாக உணர்வது. வேர் கிரேக்கம்தான். ஆனால் இன்றைய கிரேக்கத்தில் 'எம்பாத்தியா' என்றால் வன்மம், காழ்ப்பு. பரிவுணர்வுக்கு அவர்களிடம் 'என்சினேஸ்திசி' என்று வேறு சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் எம்பாத்தியா என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பின்மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்தவுடன் 'எம்பதி' என்றே திருப்பிவிடக்கூடும். தாளில் இரண்டும் பொருந்தும். நிரப்புகிற நோயாளிக்கோ, இந்தச் செயலி உங்களிடம் வன்மம் காட்டியதா என்று கேட்டது போலிருக்கும். பின்மொழிபெயர்ப்பு இப்படிப் பிழையை மூடி மறைக்கவும் செய்யும்.

யூமார்ஸில் அந்தச் சொல் இல்லை, உங்கள் நல்ல காலம். ஆனால் முதல் பகுதியின் தலைப்பே சிக்கல்தான்: 'எங்கேஜ்மென்ட்', அதாவது செயலி பயனரை ஈர்த்து ஈடுபடுத்துவது. அகராதியைத் திறந்தால் 'தெஸ்மெப்சி' கிடைக்கும். அது கடப்பாடு, கட்டிப்போடுதல் என்ற பொருளில் வருவது. வங்கிக் கணக்கை முடக்குவதற்கும் அதே சொல்தான். அடுத்து 'எம்ப்ளொகி' இருக்கிறது. அதில் ஈடுபாடு என்ற பொருள் உண்டு, துப்பாக்கி சிக்கிக்கொண்டாலும் அதையே சொல்வார்கள். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடாமல், 'செயலி உங்களை எவ்வளவு ஈர்த்தது' என்கிற மாதிரி விரித்து எழுதுவதுதான் என் பரிந்துரை. பின்மொழிபெயர்ப்பில் இது மூலத்தோடு பொருந்தாது. பொருந்தாவிட்டால் பரவாயில்லை. ஏன் அப்படி எழுதினோம் என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

கருவியின் அமைப்பையும் இன்னொரு முறை பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2015-ல் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களுக்காக 'மார்ஸ்' அளவுகோலை வெளியிட்டது. அதையே சாதாரணப் பயனருக்காக எளிமையாக்கி 2016-ல் வந்தது யூமார்ஸ். ஈர்ப்பு 5, செயல்பாடு 4, தோற்றம் 3, தகவல் 4 என்று 16 கேள்விகள், அப்புறம் சொந்த அபிப்பிராயம் கேட்கும் 4. ஆக 20 கேள்விகள்தானே என்று தோன்றும். ஆனால் 1 முதல் 5 வரையிலான விடைகளுக்குப் பெரும்பாலான கேள்விகளில் தனித்தனி வாசகம் இருக்கிறது. உண்மையில் நீங்கள் மொழிபெயர்ப்பது நூற்றுக்கு நெருக்கமான விடை வாசகங்களை. 2-க்கும் 3-க்கும் இடையே ஆங்கிலத்தில் உள்ள தூரம் கிரேக்கத்திலும் இருக்கிறதா என்று யாராவது சரிபார்த்தார்களா? பெரும்பாலும் கேள்வியைச் செதுக்கிவிட்டு விடைகளை விட்டுவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் உதவாது, ஆட்களோடு உட்கார வேண்டும். எட்டுப் பத்துப் பேர் போதும். அதில் பாதிப் பேராவது அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும், ஓரிருவர் பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர்களாக இருக்கட்டும். பல்கலைக்கழகத் தோழிகளை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு எல்லாம் புரியும். கேள்வியைப் படிக்கச் சொல்லி, "இது என்ன கேட்கிறது, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஏன் 4, ஏன் 3 இல்லை என்றும் கேளுங்கள். திரையில் விரலால் தள்ளுவதை அவர்கள் 'ஸ்க்ரோலாரோ' என்று பேச்சுவழக்கில் சொன்னால், உங்கள் தாளில் இருக்கும் பண்டிதச் சொல்லை அடித்துவிடலாம். நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். தலையை மேலே வெடுக்கென்று தூக்கினால், புருவம் மட்டும் உயர்ந்தால்கூட, இல்லை என்று அர்த்தம். குறிப்பெடுக்கும்போது மாற்றி எழுதிவிடாதீர்கள்.

இலக்கணத்தில் இரண்டு விஷயம். நீ, நீங்கள் போல 'எசி', 'எசிஸ்' உண்டு, பெரியவர்களும் நிரப்பும் தாளில் எசிஸ்தான் மரியாதை. 'திருப்தியடைந்த' போன்ற பெயரடைகள் ஆண், பெண் பாலுக்கேற்ப விகுதி மாறும். ஒவ்வொரு இடத்திலும் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதுவதை விட, வாக்கியத்தையே மாற்றிப் பால் வராமல் செய்வது நல்லது.

சரி, 100 பேர் விஷயம். எண்ணிக்கைக்கு முன் ஒரு கேள்வி: எந்தச் செயலியை மதிப்பிடப் போகிறார்கள்? எல்லோருக்கும் ஒரே நல்ல செயலியைக் கொடுத்தால் எல்லோரும் 4, 5 போடுவார்கள். மதிப்பெண் பரவாது, பரவாத தரவில் எந்தக் கணக்கும் நம்பகமாக வராது. நல்லது, சுமார், மோசம் என்று சில செயலிகளாவது கலந்திருக்க வேண்டும். கேள்விகள் உண்மையிலேயே நான்கு பகுதிகளாகப் பிரிகின்றனவா என்று, எவை எவற்றோடு சேர்கின்றன எனக் காட்டும் காரணிப் பகுப்பாய்வில் பார்க்க நினைத்தால் 100 போதாது, 200-ஐ நோக்கிப் போங்கள்.

ஆல்பா 0.7-ஐத் தாண்டுவது பெரிய சாதனை இல்லை. மூலக் கருவியில் மொத்தத்துக்கு 0.90 வந்தது. ஆல்பா சொல்வதெல்லாம் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான். எல்லாக் கேள்விகளும் சேர்ந்து தவறான ஒன்றை அளந்தாலும் அது உயரும். ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறது என்பதற்கு, வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். பயன்பாட்டு எளிமையை அளக்கும் பத்துக் கேள்வி 'எஸ்யூஎஸ்' அளவுகோலுக்குக் கிரேக்க வடிவம் 2012-லேயே வந்துவிட்டது. அதையும் கூடவே நிரப்பச் சொல்லுங்கள். அதனோடு உங்கள் செயல்பாட்டுப் பகுதி நெருக்கமாகவும், தோற்றப் பகுதி சற்றுத் தள்ளியும் ஒத்துப்போனால் நம்பலாம்.

விடைகள் நிலையாக வருகின்றனவா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மீண்டும் கேட்பீர்கள் அல்லவா? அதற்குள் செயலியே மாறியிருக்கலாம்! தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், முடியாவிட்டால் இரண்டு முறையும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் செயலியின் மாற்றத்தைக் கேள்வித்தாளின் குறையாகப் படித்துவிடுவீர்கள்.

மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது நான்கு பகுதிகளின் சராசரிகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும், 16 கேள்விகளையும் மொத்தமாகக் கூட்டி அல்ல. சொந்த அபிப்பிராயத்தைத் தனியே காட்டுங்கள். 'இதற்குப் பணம் கொடுப்பீர்களா' என்ற கேள்வி அதில்தான் வருகிறது. அரசின் உடல்நலச் செயலியை இலவசமாகப் பயன்படுத்திப் பழகியவர் அதற்கு 1 போட்டால், அது தரத்தைப் பற்றிய தீர்ப்பாகாது.

கடைசியாக ஒரு சில்லறைத் தொல்லை. கிரேக்கக் கேள்விக்குறி நம் அரைப்புள்ளி போலவே இருக்கும். கிரேக்க அமைப்பில் உள்ள எக்ஸெல், சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) பத்திகளைப் பிரிப்பதும் அரைப்புள்ளியை வைத்துத்தான். இணையப் படிவத்திலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே திறந்தால், தலைப்பு வரிசை கேள்விக்குறி உள்ள இடமெல்லாம் உடைந்து பத்திகள் நகர்ந்துபோகலாம். படிவம் தயாரிக்கும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் கே1, கே2 என்று குறியீடு கொடுங்கள், இறக்கியதும் தலைப்பு வரிசையில் முழுக் கேள்விக்குப் பதில் அதைப் போட்டுவிட்டு எக்ஸெலில் திறங்கள்.